மேகத்தில் ஓர் இஜாரா

 

நம் மஹல்லாக்களில் இன்று பல பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் இணையத்தில் ஓர் இடம் இருக்கிறது. தொழுகை நேர அட்டவணையும், ஜுமுஆ பயான்களின் ஒலிப்பதிவுகளும், மக்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவும், சந்தா ரசீதுகளும் அங்கே குடியேறிவிட்டன. அந்த இடம் நமக்குச் சொந்தமானதன்று, வாடகைக்கு எடுத்தது. அந்த வாடகையும் தனிமனிதர் ஒருவரின் பணமன்று. உண்டியலில் விழுந்த காசு, மாதச் சந்தா, யாரோ ஒரு தாய் தன் மறைந்த கணவருக்காக நிய்யத் செய்து அனுப்பிய ஸதகா. ஆகவே அந்த இடத்தை எவரிடம், எந்த நிபந்தனையில் எடுக்கிறோம் என்பதைக் கணினி தெரிந்த இளைஞர்களின் பொறுப்பில் மட்டும் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள இயலாது. அது ஒரு கொடுக்கல் வாங்கல். ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ என்னும் பாடத்தில் நாம் மாணவர்களுக்கு நடத்தும் வாடகை ஒப்பந்தம்தான் அது.

எங்கள் மதரஸாவின் பாட ஒலிப்பதிவுகளுக்கும் மாணவர் பதிவேட்டிற்கும் இடம் தேட வேண்டி வந்தபோது, மஷூராவில் இரண்டு பெயர்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, இத்துறையில் மூத்ததான அமேசான் வெப் சர்வீசஸ். மற்றொன்று, அதற்குப் பின் வந்த டிஜிட்டல் ஓஷன். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எங்களுக்குத் தெளிவானவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் பிற ஜமாஅத்தினருக்கும் பயன்படட்டும் என்று இங்கே பகிர்கிறோம்.

மூத்ததும் இளையதும்

கிளவுட் என்று சொல்லப்படும் மேகம் வானத்தில் இல்லை. மும்பையிலோ பெங்களூருவிலோ, குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கணினிகளே அவை. அவற்றில் ஒரு பகுதியை இணையத்தின் வழியே நமக்கு வாடகைக்கு விடுவதே இந்த வணிகம்.

இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான், 2006 மார்ச் மாதத்தில் ‘எஸ்3’ என்னும் சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் ‘இசி2’ என்னும் கணினி வாடகைச் சேவையையும் தொடங்கியது. ஒரு ஜிகாபைட் தரவை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட். ஒரு கணினியை ஒரு மணி நேரம் பயன்படுத்த 10 சென்ட். அதற்கு முன்பு சர்வர் வேண்டுமென்றால் இயந்திரத்தை விலைக்கு வாங்க வேண்டும். அல்லது நீண்ட காலத்திற்கு முன்பணம் கட்ட வேண்டும். மணிக்கணக்கில் எடுத்து, வேண்டாதபோது திருப்பிக் கொடுக்கலாம் என்பது அன்று புதுமையாக இருந்தது. இன்று அங்கே 200-க்கும் மேற்பட்ட சேவைகள் உள்ளன. இந்தியாவில் 2016-இல் மும்பையிலும், 2022-இல் ஹைதராபாத்திலும் தன் மையங்களைத் திறந்தது.

டிஜிட்டல் ஓஷன் 2011-இல் நியூயார்க்கில் தோன்றிய நிறுவனம். 2013-இன் தொடக்கத்தில், வேகமான எஸ்எஸ்டி வட்டுடன் கூடிய ஒரு சிறு சர்வரை மாதம் 5 டாலருக்குத் தந்ததால் அதன் பெயர் பரவியது. அவர்கள் அந்தச் சர்வருக்கு வைத்த பெயர் ‘டிராப்லெட்’, அதாவது துளி. பெருங்கடலில் ஒரு துளி என்பது அவர்களின் உவமை. சேவைகளின் எண்ணிக்கை குறைவு. விலைப்பட்டியல் சில பக்கங்களில் முடிந்துவிடும். 2016-இல் பெங்களூருவிலும் மையம் அமைத்தது. 2021-இல் நியூயார்க் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

இளையவரின் வரவு மூத்தவரையும் மாற்றியது. 2016 நவம்பரில் அமேசானே ‘லைட்செயில்’ என்ற பெயரில், மாதம் 5 டாலரிலிருந்து தொடங்கும் நிலையான வாடகைத் திட்டத்தை அறிமுகம் செய்தது. ஆகவே மூத்தவரிடம் நிலையான விலையே இல்லை என்று எவரும் கருத வேண்டாம். இருப்பினும் அவ்வீட்டின் பெரிய வாசல் வேறு. அங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுமானி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹாஜியார் கேட்ட கேள்வி

எங்கள் மஷூராவில், மென்பொருள் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் இரண்டு தளங்களையும் விளக்கினார். மூத்த தளத்தின் ஆற்றலை அவர் ஆர்வத்துடன் எடுத்துரைத்து முடித்ததும், பொருளாளர் ஹாஜியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி, அடுத்த மாதம் பில் எவ்வளவு வரும் என்று இப்போதே சொல்ல முடியுமா?”

“பயன்பாட்டைப் பொறுத்தது, ஹாஜியார். எவ்வளவு பேர் கேட்கிறார்களோ அதற்கேற்ப வரும்.”

“அப்படியானால் ரமளானில் மக்கள் அதிகமாக பயான் கேட்டால் நாம் மகிழ்வதா, கவலைப்படுவதா?”

சபையில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அக்கேள்வி எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. ஒப்பந்தங்களைப் பற்றி நம் இமாம்கள் நூற்றாண்டுகளாக எழுப்பிய கேள்வியின் சாரம் அதில் இருக்கிறது. இஜாராவில் பெறப்படும் பயன் தெரிந்திருக்க வேண்டும். காலம் தெரிந்திருக்க வேண்டும். கூலி தெரிந்திருக்க வேண்டும். அறியாமை கலந்த வணிகத்தை, அதாவது ‘கரர்’ உள்ள வணிகத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது முஸ்லிம் நூலில் இடம்பெற்ற ஹதீஸின் கருத்து. பின்னாளில் இருவருக்கும் இடையே சச்சரவை உண்டாக்கும் அறியாமையை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இனி, கணக்கைப் பார்ப்போம். கீழே தரும் விலைகள் இக்கட்டுரை எழுதப்படும் காலத்தவை. ஒப்பந்தம் செய்யுமுன் அவரவர் மீண்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

குரல் மட்டும் உள்ள அரை மணி நேர பயான், பேச்சுக்குப் போதுமான தரத்தில் பதிவு செய்யப்பட்டால் ஏறத்தாழ 14 மெகாபைட் இருக்கும். 500 குடும்பங்கள் ரமளானின் 30 இரவுகளும் அதைப் பதிவிறக்கம் செய்தால் மொத்தம் சுமார் 216 ஜிகாபைட் வெளியே செல்லும். அமேசானில் தரவு உள்ளே வருவதற்குக் கட்டணமில்லை. வெளியே செல்வதற்கே கட்டணம். மாதத்தில் முதல் 100 ஜிகாபைட் இலவசம். அதற்கு மேல் மும்பை மையத்தில் ஒரு ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ 11 சென்ட். அவ்வகையில் மீதி 116 ஜிகாபைட்டுக்குச் சுமார் 13 டாலர். ஒரு டாலரை 85 ரூபாயாகக் கொண்டால், வரி நீங்கலாக 1,100 ரூபாய்க்குள் அடங்கிவிடும். டிஜிட்டல் ஓஷனில் மாதம் 6 டாலர் துளிக்கு 1,000 ஜிகாபைட் வெளியேற்றம் வாடகையிலேயே சேர்ந்திருக்கிறது. கூடுதலாக ஒன்றும் இல்லை. இதுவரை பெரிய வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

அதே பயானை ஒரு மணி நேரக் காணொளியாக வைத்தால் நிலைமை வேறு. நடுத்தரத் தரத்தில் ஒரு மணி நேரக் காணொளி சுமார் 675 மெகாபைட். அதே 500 குடும்பங்கள், அதே 30 இரவுகள் என்றால் 10,000 ஜிகாபைட்டைத் தாண்டும். மூத்த தளத்தில் இவ்வெளியேற்றத்திற்கு மட்டும் ஏறத்தாழ 1,100 டாலர். அதாவது 93,000 ரூபாய். இளைய தளத்தில், வாடகையில் அடங்கியது போக மீதிக்கு ஜிகாபைட்டுக்கு 1 சென்ட் வீதம் சுமார் 91 டாலர். அதாவது 8,000 ரூபாய்க்குள். 93,000 ரூபாய் என்பது ஒரு சிறு மதரஸாவுக்கு என்ன தொகை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. உஸ்தாதுகளின் ஊதியம், விடுதி மாணவர்களின் அரிசி, மின்கட்டணம் ஆகியவை எல்லாம் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.

நீதியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அமேசானிடமே ‘கிளவுட்ஃபிரண்ட்’ என்னும் மற்றொரு சேவை இருக்கிறது. அதன் வழியே அனுப்பினால் மாதம் 1 டெராபைட் வரை கட்டணமில்லை. அதை அறிந்து அமைத்தவருக்கு மேலே சொன்ன ஒலிப்பதிவுகளின் கட்டணமும் இல்லாமல் போகும். மூத்த தளத்தில் சிக்கனத்திற்கு வழி உண்டு. ஆனால் அந்த வழி அறிந்தவருக்கே திறக்கும். இளைய தளத்தில் அறியாதவருக்கும் விலை ஏறத்தாழ அதேதான். எங்கள் பார்வையில் இரு தளங்களையும் பிரிக்கும் முதன்மையான கோடு இதுவே.

காணொளியை இலவசத் தளங்களில் இட்டால் செலவே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், பலரும் அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் பயானுக்கு முன்னும் நடுவிலும் எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இருப்பதில்லை. பிள்ளைகள் ஓதும் பதிவுகளை அங்கே வைக்கலாமா என்பதைப் பெற்றோரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

தானியக் குவியலின் சட்டம்

அப்படியானால் அளவுமானி வைத்த வாடகை முழுவதும் கரர் ஆகிவிடுமா? இதற்கு ஒப்பான ஒரு சட்டத்தை ஹனஃபி ஃபிக்ஹின் தொடக்கப் பாடங்களிலேயே நம் மாணவர்கள் படிக்கின்றனர். கண்முன்னே ஒரு தானியக் குவியல் இருக்கிறது. விற்பவர், ஒவ்வொரு கஃபீஸ் அளவும் ஒரு திர்ஹம் என்று விலை சொல்கிறார். குவியலில் மொத்தம் எத்தனை கஃபீஸ் இருக்கிறது என்பது சொல்லப்படவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில் இவ்விற்பனை ஒரு கஃபீஸுக்கு மட்டுமே செல்லும். மொத்த அளவு அந்த அமர்விலேயே தெரிவிக்கப்பட்டால் முழுக் குவியலுக்கும் செல்லும். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்திலோ முழுக் குவியலுக்கும் செல்லும். இங்குள்ள அறியாமை, அளந்து பார்த்து அவர்களே நீக்கிக்கொள்ளக்கூடிய அறியாமை என்பது அவ்விருவர் தரப்பில் கூறப்படும் காரணம்.

அலகின் விலை தெரியும், மொத்தம் தெரியாது என்னும் நிலை நம் வீட்டு மின்கட்டணத்திலும் இருக்கிறது. யாரும் அதை மறுப்பதில்லை. ஏனெனில் மானியை நாம் பார்த்துக்கொள்கிறோம். விளக்கை அணைக்கத் தெரியும். ஆகவே மூத்த தளத்தின் முறை தவறானது என்று நாம் சொல்லவில்லை; அத்தகைய தீர்ப்பு வழங்குவது நம் பணியும் அன்று, அதற்கு முஃப்திகள் இருக்கின்றனர். நாம் சொல்வது இதுதான்: மானியைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் நிர்வாகத்தில் எப்போதும் இருந்தால் அந்த அறியாமை நீங்கும். அப்படி ஒருவர் இல்லாத ஜமாஅத்துக்கு, தானியத்தை முன்பே அளந்து மூட்டை கட்டி விலை சொல்பவரே பொருத்தமானவர்.

மானியும் உடனுக்குடன் பேசுவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். அமேசானில் ‘பட்ஜெட்ஸ்’ என்னும் எச்சரிக்கை வசதி உண்டு. குறித்த தொகையை எட்டியதும் மின்னஞ்சல் வரும். ஆனால் தானாகவே சேவையை நிறுத்திவிடாது. அதன் கணக்கும் ஒரு நாளில் சில முறை மட்டுமே புதுப்பிக்கப்படும். டிஜிட்டல் ஓஷனிலும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. அதுவும் அறிவிப்பு மட்டுமே. இரண்டிலும் விழிப்பாக இருக்க வேண்டியவர் வாடகைக்கு எடுத்தவரே.

அணைத்த விளக்கும் பூட்டிய வீடும்

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்கலாம். அரபி மதரஸாக்களுக்கு ரமளானை ஒட்டி நீண்ட விடுமுறை. ஷவ்வாலில்தான் மீண்டும் திறப்போம். அக்காலத்தில் மாணவர் பதிவேட்டுச் சர்வருக்கு வேலை இல்லை. அமேசானின் இசி2-இல் சர்வரை நிறுத்தி வைத்தால் கணினிக்கான மணிக்கூலி நின்றுவிடும். வட்டுக்கான வாடகை மட்டும் தொடரும். டிஜிட்டல் ஓஷனில் சர்வரை அணைத்து வைத்தாலும் வாடகை முழுமையாக ஓடும். அதை அடியோடு நீக்கினால்தான் நிற்கும்.

முதலில் இது அநீதியாகத் தோன்றலாம். ஆனால் வீட்டை வாடகைக்கு எடுத்துச் சாவியைப் பெற்றவர், அதில் குடியேறாமல் பூட்டி வைத்திருந்தாலும் வாடகை கடமையாகிவிடும் என்பது ஃபிக்ஹில் தெளிவான சட்டம். பயனை அடைய வழி விடப்பட்டதே கூலிக்குப் போதுமானது. இளைய தளம் பூட்டிய வீட்டின் முறையில் கணக்கிடுகிறது. மூத்த தளம் அணைத்த விளக்கின் முறையில் கணக்கிடுகிறது. இரண்டும் முன்பே எழுதி வைக்கப்பட்ட நிபந்தனைகள். படிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு வருந்துவதே தவிர்க்கப்பட வேண்டியது.

கடன் கொடுக்கல் வாங்கலைச் சிறிதென்றோ பெரிதென்றோ பாராமல் தவணையுடன் எழுதிக்கொள்ளச் சலிப்படையக் கூடாது என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த நீண்ட வசனத்தை ஓதும் நாம், ஒரு பொத்தானை அழுத்தி ஏற்கும் ஒப்பந்தத்தை மட்டும் படிக்காமல் விடுவது பொருந்துமா?

இலவசம் என்று தொடங்குவதிலும் கவனம் தேவை. அமேசானில் 2025 ஜூலைக்குப் பின் தொடங்கப்படும் புதிய கணக்குகளுக்கு 200 டாலர் வரை வரவு தரப்படுகிறது. இலவசத் திட்டத்தின் காலம் 6 மாதம். முன்பு தனிக் கட்டணமின்றிச் சர்வருடன் வந்த பொது ஐபி முகவரிக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கப்படுகிறது. மாதத்திற்குச் சுமார் 3.65 டாலர். சர்வரே சிறியதாக இருக்கும்போது இத்தொகையும் பெரிது. டிஜிட்டல் ஓஷனின் துளியில் அம்முகவரி வாடகைக்குள் அடக்கம். மறுபுறம், அமேசானின் இந்திய நிறுவனம் ரூபாயில் பில் தருகிறது. டிஜிட்டல் ஓஷனின் விலையோ டாலரில். டாலர் ஏறினால் நிலையான வாடகையும் நமக்கு ஏறும். தணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அறக்கட்டளைகளுக்கு ரூபாய் பில் ஒரு வசதியே.

அமானிதத்தின் பங்கு

பணத்தை விடவும் கனமான ஒன்று இருக்கிறது. மாணவர் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் அலைபேசி எண், கட்டணச் சலுகை பெறுவோரின் விவரம் ஆகியவை உள்ளன. இவை அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் இட்ட கட்டளை, பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டும் உரியதன்று. நாட்டின் சட்டமும் இதைக் குறித்துப் பேசுகிறது. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது.

இங்கே மூத்த தளம் வலிமை மிக்கது. யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், எதை நீக்கலாம் என்பதை மிக நுணுக்கமாக வரையறுக்கும் வசதி அங்கே உண்டு. மும்பை மையம் ஒன்றே, தனித்தனி மின்வசதி கொண்ட மூன்று வளாகப் பிரிவுகளாக அமைந்தது; நாட்டிற்குள்ளேயே ஹைதராபாத்தில் இரண்டாவது மையமும் இருக்கிறது. இளைய தளத்துக்கு இந்தியாவில் பெங்களூரு மட்டுமே. பல ஊர்களில் கிளைகளும், ஆயிரக்கணக்கான மாணவர்களும், ஊதியம் பெறும் தொழில்நுட்பப் பணியாளரும் உள்ள பெரிய நிறுவனங்கள் மூத்த தளத்தைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் வலிமையான பூட்டு இருப்பதும் பூட்டியிருப்பதும் ஒன்றல்ல. கட்டடத்தையும் இயந்திரத்தையும் காப்பது தங்கள் பொறுப்பு. உள்ளே வைக்கப்படும் தரவையும் அதற்கான அனுமதிகளையும் காப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று அமேசான் வெளிப்படையாகவே கூறுகிறது. எஸ்3 சேமிப்பிடங்களைத் தவறாகத் திறந்து வைத்ததால் உலகெங்கும் பல நிறுவனங்களின் தரவுகள் வெளியே தெரிந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிய சேமிப்பிடங்கள் யாவும் தொடக்கத்திலேயே பொதுப்பார்வைக்கு மூடப்பட்டவையாக உருவாகின்றன. வீட்டுக்காரர் கதவைச் சாத்தித் தருகிறார். திறப்பது நம் கையில் இருக்கிறது.

நம் ஜமாஅத்களில் நாம் அடிக்கடி காணும் ஆபத்து வேறொன்று. ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தம் சொந்த மின்னஞ்சலிலும் தம் சொந்த வங்கி அட்டையிலும் கணக்கைத் தொடங்கிவிடுகிறார். பிறகு அவர் வேலைக்காகத் துபாய்க்கோ ரியாத்துக்கோ செல்கிறார். சாவியும் அவருடன் செல்கிறது. அவர் நல்லவர்தான், ஆயினும் மனிதர் மரணத்தையும் மறதியையும் சுமப்பவர். ஆகவே எந்தத் தளமானாலும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். இருவரிடமாவது நுழைவு இருக்கட்டும். கடவுச்சொல்லுடன் அலைபேசிச் சரிபார்ப்பும் இருக்கட்டும். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு முத்தவல்லியின் பீரோவில் வைக்கட்டும்.

ஒட்டகத்தைக் கட்டுதல்

2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் சுமார் நான்கு மணி நேரம் தடைப்பட்டது. பராமரிப்பின்போது ஊழியர் ஒருவர் கொடுத்த கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாக அமைந்ததே காரணம் என்று அந்நிறுவனமே விளக்கம் வெளியிட்டது. எண்ணற்ற இணையதளங்கள் முடங்கின. மிகப் பெரிய நிறுவனமும் ஒரு மனிதக் கையின் பிழைக்கு அப்பாற்பட்டதன்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதீ நூலில் காண்கிறோம். தரவைப் பொறுத்தவரை கட்டுதல் என்பது பிரதி எடுத்தல். டிஜிட்டல் ஓஷனில் சர்வர் வாடகையுடன் 20 விழுக்காடு கூடுதலாகச் செலுத்தினால் வாரந்தோறும் பிரதி எடுக்கப்படும். அமேசானிலும் அதற்குத் தனிச் சேவையும் தனிக் கட்டணமும் உண்டு. எனினும் ஒரே நிறுவனத்திடம் மூலமும் பிரதியும் இருப்பது ஒரே கயிற்றில் இரண்டு முடிச்சுகள் போடுவது போன்றது. மாதம் ஒருமுறை வெளி வட்டு ஒன்றில் பிரதி எடுத்து, மதரஸாவில் வைக்க வேண்டும். உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனின் பிரதிகளை எழுதச் செய்து பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். ஏடுகளில் இருந்தது, ஹாஃபிழ்களின் நெஞ்சங்களிலும் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதுகாப்பது இந்த உம்மத்துக்குப் புதிய பாடமன்று.

மனசாட்சியின் கேள்வி

மஷூராவில் எழுந்த மற்றொரு கேள்வியையும் மறைக்க விரும்பவில்லை. 2021-இல் இஸ்ரேல் அரசு தன் கிளவுட் தேவைகளுக்காக அமேசானுடனும் கூகுளுடனும் ‘நிம்பஸ்’ என்னும், சுமார் 120 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. இதன் காரணமாக அமேசானைத் தவிர்க்க வேண்டும் என்று சிலர் கருதினர். பிற சமயத்தாருடன் வணிகம் செய்வது அடிப்படையில் அனுமதிக்கப்பட்டதே. நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் யூதர் ஒருவரிடம் தம் போர்க்கவசத்தை அடைமானம் வைத்துத் தானியம் பெற்றது ஹதீஸ் நூல்களில் உள்ளது. அதே வேளையில், அநீதிக்குத் துணைபோகிறோமோ என்று ஒருவருடைய உள்ளம் உறுத்தினால், மாற்று இருக்கும்போது விலகிக்கொள்வது அவருடைய பேணுதல். இதில் ஒரு சாரார் மறு சாராரைப் பழிப்பது வேண்டாம் என்பதே சபையின் கருத்தாக அமைந்தது.

எங்கள் முடிவு

பயான் ஒலிப்பதிவுகளையும் இணையதளத்தையும் இளைய தளத்தில் 6 டாலர் துளி ஒன்றில் வைப்பதென்று முடிவு செய்தோம். வரியுடன் மாதம் சுமார் 600 ரூபாய். அத்தொகையை ஹாஜியார் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முன்பே எழுதிவிட்டார். மாணவர் பதிவேட்டைப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலுடன் வைக்கிறோம். தேவையற்ற விவரங்களைக் கேட்பதையே குறைத்துக்கொண்டோம். காணொளி இப்போதைக்கு இல்லை. பொதுவான லினக்ஸ் சர்வரில் பொதுவான மென்பொருள்களையே பயன்படுத்துவதால், நாளை வேறு தளத்துக்குச் செல்ல நேர்ந்தாலும் மூட்டை கட்டுவது எளிது.

ஸகாத் பெறுவோரின் பட்டியலை மட்டும் இரண்டு தளங்களிலும் வைக்கவில்லை. அதில் 40-க்கும் குறைவான பெயர்களே உள்ளன. எந்தத் தளம் பாதுகாப்பானது என்று அதற்காக ஆராய்வதைவிட, கையால் எழுதிய ஒரு குறிப்பேடும், பூட்டிய ஒரு இழுப்பறையும், நாவடக்கம் உள்ள இருவரும் போதும் என்று சபை கருதியது. வறியவரின் மானம் இணையத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

உங்கள் ஜமாஅத்தின் தேவை வேறாக இருக்கலாம். அதற்கேற்ப முடிவும் வேறாகலாம். ஆனால் எந்த வாசலில் நுழைந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு நுழையுங்கள். அடுத்த மாதம் எவ்வளவு என்பதைக் கணக்கு தெரியாத ஒரு பொருளாளருக்கும் விளங்கும்படி சொல்ல முடியுமா? சாவி யாரிடம் இருக்கிறது? இந்நிறுவனம் நாளை இல்லாமல் போனால் நம்மிடம் என்ன மிஞ்சும்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் மூத்ததா இளையதா என்பது இரண்டாம் பட்சமே.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தெளிவானவையாக ஆக்கி, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொதுப் பணத்திலும் பிள்ளைகளின் அமானிதத்திலும் நம்மை நாணயமுள்ளவர்களாக நிலைநிறுத்துவானாக! ஆமீன்.